சொன்னதைச் சொன்னபடி எழுதும் கை: ஒலிப்பதிவு எழுத்தாக்கமும் நெல்லையின் தலித் இளைஞர்களும்

திருநெல்வேலி மாவட்டத்தில் பள்ளிப்படிப்பை முடித்த தலித் பிள்ளைகள் பலருக்கு அரசு வேலையை நோக்கிய முதல் படியாகத் தட்டச்சுப் பயிலகமே இருந்துவருகிறது. சுற்றுக் கிராமங்களிலிருந்து பாளையங்கோட்டைக்கும் அம்பாசமுத்திரத்திற்கும் பேருந்தேறி வந்து, நாளுக்கு ஒரு மணி நேரம் தமிழும் ஆங்கிலமும் அடித்துப் பழகுகிறார்கள். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் ஆண்டுக்கு இருமுறை நடத்தும் இளநிலை, முதுநிலைத் தேர்வுகளை எழுதுகிறார்கள். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வின் தட்டச்சர், சுருக்கெழுத்துத் தட்டச்சர் பதவிகளுக்கு அச்சான்றிதழ்கள் தேவை. நிலமோ கடையோ சாதிவழிச் செல்வாக்கோ இல்லாத குடும்பங்கள் விரல்களில் சேர்த்துவைத்த சொத்து இது. அண்ணல் அம்பேத்கரின் இறுதி ஆண்டுகளில் அவருடைய எழுத்துகளைத் தட்டச்சு செய்து கொடுத்த நானக் சந்த் ரத்து, பஞ்சாபின் ஒடுக்கப்பட்ட சமூகத்திலிருந்து தில்லிக்கு வந்து அரசுப் பணியில் சேர்ந்தவர் என்பதை இங்கே நினைவுகூரலாம்.

அந்த மேசையின் வேலை இன்று மாறிக்கொண்டிருக்கிறது. அதிகாரி சொல்லச் சொல்லச் சுருக்கெழுத்தில் குறித்துக்கொண்டு, பின் தட்டச்சு செய்வது பழைய முறை. இப்போது கூட்டங்களும் விசாரணைகளும் கைப்பேசியிலோ கணினியிலோ பதிவாகின்றன. பதிவான குரலைக் கேட்டு எழுத்தில் கொண்டுவருவதுதான் அடுத்த வேலை. அலுவலகங்களில் 'டிரான்ஸ்கிரிப்ஷன்' என்று வழங்கும் இதை நாம் ஒலிப்பதிவு எழுத்தாக்கம் என்கிறோம். அலுவலக நிர்வாகப் பணிக்குச் செல்ல விரும்புவோர் கற்க வேண்டிய திறன் என்ற அளவிலேயே இது பொதுவாகப் பேசப்படுகிறது. ஒடுக்கப்பட்ட மக்களைப் பொறுத்தவரை இதற்கு இன்னொரு முகமும் உண்டு. வன்கொடுமை வழக்கு நிற்பதா விழுவதா என்பது பல நேரங்களில் பாதிக்கப்பட்டவர் சொன்ன சொல் தாளில் எந்த வடிவில் ஏறியது என்பதைப் பொறுத்தே அமைகிறது. அந்தச் சொல்லை எழுதும் கை யாருடையது, அது எவ்வாறு பயிற்றப்பட்டது என்பவை ஆகவே உரிமை சார்ந்த கேள்விகள்.

ஒரு வாக்குமூலம், இரண்டு எழுத்துகள்

விளக்கத்திற்காக ஒரு நிகழ்வைக் கற்பனை செய்துகொள்வோம். தாமிரபரணிப் பாசனப் பகுதியின் ஓர் ஊரில், பேருந்து நிறுத்தம் அருகே உள்ள பொதுக்குழாயில் தண்ணீர் பிடிக்கச் சென்ற தலித் பெண் ஒருவர், நடந்ததைத் தம் பேச்சிலேயே கைப்பேசியில் பதிவு செய்கிறார்:

"நான் கொடத்த எடுத்துட்டுப் பைப்புக்குப் போனேன். 'ஏட்டி, ஒங்க ஆளுக பைப்பு அந்தத் தெருவுலல்லா கெடக்கு, இங்கன ஒனக்கு என்ன சோலி'ன்னு கேட்டான். பொறவு எங்க சாதிப் பேரச் சொல்லி ஏசுனான். கொடத்தத் தட்டிவுட்டான். பஸ்ஸுக்கு நின்ன ஆளு பூராம் பாத்துட்டுத்தான் நின்னாவ."

இதே செய்தி, அலுவலக நடைக்குப் பழகிய ஒருவரின் கையில் இப்படி மாறக்கூடும்: 'தண்ணீர் எடுக்கச் சென்ற மனுதாரரை எதிர்மனுதாரர் தரக்குறைவாகப் பேசித் திட்டினார்.'

இரண்டாவது வாக்கியத்தில் இலக்கணப் பிழை இல்லை. ஆனால் வழக்கின் உயிர் அதில் இல்லை. பட்டியல் சாதிகள், பட்டியல் பழங்குடியினர் (வன்கொடுமைகள் தடுப்பு) சட்டம், 1989இன் 3(1)(எஸ்) பிரிவு, பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் சாதிப் பெயரைச் சொல்லி ஏசுவதைக் குற்றமாக்குகிறது. 3(1)(ஆர்) பிரிவு, அத்தகைய இடத்தில் இழிவுபடுத்தும் நோக்குடன் அவமதிப்பதையும் மிரட்டுவதையும் குற்றமாக்குகிறது. 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழி வந்த 3(1)(இசட்-ஏ) பிரிவு, ஆறு, கிணறு, குளம், தண்ணீர்க் குழாய் முதலியவற்றைப் பிறரோடு சமமாகப் பயன்படுத்த விடாமல் தடுப்பதைக் குற்றமாக்குகிறது.

அந்தப் பெண்ணின் பேச்சில் இம்மூன்றுக்கும் உரிய செய்திகள் இருந்தன. 'ஒங்க ஆளுக பைப்பு' என்ற சொற்கள் தண்ணீர் மறுக்கப்பட்டதன் சாதிக் காரணத்தைக் காட்டுகின்றன. 'சாதிப் பேரச் சொல்லி' என்பது அவமதிப்பின் தன்மையைச் சொல்கிறது. 'பஸ்ஸுக்கு நின்ன ஆளு' என்பது பொதுமக்கள் பார்வையைச் சொல்வதோடு, சாட்சிகள் எங்கே கிடைப்பார்கள் என்றும் காட்டுகிறது. அலுவலக நடை இவை அனைத்தையும் 'தரக்குறைவாக' என்ற ஒரே சொல்லுக்குள் புதைத்துவிட்டது.

பொதுமக்கள் பார்வை என்ற கூறு எவ்வளவு முக்கியமானது என்பதற்கு உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளே சான்று. 2020இல் உத்தராகண்டைச் சேர்ந்த ஹிதேஷ் வர்மா வழக்கிலும், 2025 ஜனவரியில் தமிழ்நாட்டின் லால்குடிப் பகுதியிலிருந்து சென்ற கருப்புடையார் வழக்கிலும், நான்கு சுவர்களுக்குள் பொதுமக்கள் இல்லாதபோது பேசப்பட்டதாகக் கூறப்பட்ட சொற்கள் இப்பிரிவுகளுக்குள் வராது என்று நீதிமன்றம் கூறியது. இத்தீர்ப்புகள் மீது நமக்கு விமர்சனங்கள் இருக்கலாம். ஆயினும் எங்கே, யார் முன்னிலையில், எந்தச் சொல் சொல்லப்பட்டது என்ற மூன்றும் முதல் எழுத்திலேயே இடம்பெற வேண்டும் என்பதே அவற்றிலிருந்து பெற வேண்டிய நடைமுறைப் பாடம்.

நெல்லைப் பேச்சை யார் எழுதுவது?

நெல்லை வழக்கில் விளிச்சொற்களே உறவையும் படிநிலையையும் தாங்கி நிற்கின்றன. 'ஏல' என்பது நண்பர்களிடையே அன்பு. அதையே இருபது வயது இளைஞன் அறுபது வயது தலித் முதியவரைப் பார்த்துச் சொன்னால் அது இழிவு. 'வந்தாவ', 'சொன்னாவ' என்ற மரியாதைப் பன்மை யாருக்கு வழங்கப்படுகிறது, யாருக்கு 'வந்தான்' என்பதே போதும் என்று கருதப்படுகிறது என்பதில் ஊரின் சாதி வரைபடம் தெரியும். இவற்றை எல்லாம் 'வந்தார்', 'சொன்னார்' என்று சமன்செய்து எழுதினால், ஊரில் இல்லாத சமத்துவத்தைத் தாளில் பொய்யாக உண்டாக்கியவர்கள் ஆவோம்.

ஆகவேதான் அந்தப் பேச்சுக்குள் வளர்ந்த இளைஞர்கள் இத்தொழிலுக்கு வர வேண்டும் என்கிறோம். ஒரு சொல்லின் கனம் அவர்களுக்குச் செவியிலேயே தெரியும். எனினும் அந்த அறிவை எழுத்தாக்கத்திற்குள் நுழைத்துவிடக் கூடாது என்ற ஒழுங்கும் அதே அளவுக்குத் தேவை. பேசியவர் சொல்லாத சாதிப் பெயரை, சொல்லியிருப்பார் என்ற ஊகத்தில் சேர்ப்பவர் தம் மக்களின் வழக்கையே கெடுக்கிறார். அந்த ஒரு சொல் பொய் என்று குறுக்கு விசாரணையில் நிறுவப்பட்டால், மற்ற உண்மைகளும் அதனோடு சேர்ந்து சந்தேகத்திற்குள்ளாகும். விளக்கம் தேவைப்படும் வட்டாரச் சொல்லுக்குத் தனித்தாளில் குறிப்பு எழுதலாம். மூலத்தைத் தொடக் கூடாது.

சட்டம் ஏற்கெனவே தந்திருக்கும் இடம்

சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும் என்பது நம்முடைய விருப்பம் மட்டுமன்று. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4(2) பிரிவின்படி, வாய்மொழியாகத் தரப்பட்ட தகவலைக் காவல் நிலையப் பொறுப்பு அதிகாரி எழுத்தில் பதிந்த பின், கையெழுத்து வாங்கும் முன்பு, அதைத் தகவல் தந்தவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். பதிந்ததன் நகலையும் உடனே தர வேண்டும். இவை கடமைகள். இவற்றை வேண்டுமென்றே புறக்கணிக்கும், பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேராத அரசு ஊழியருக்கு ஆறு மாதத்திலிருந்து ஓராண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க அதே நான்காம் பிரிவில் இடம் உண்டு.

15ஏ(10) பிரிவு, இச்சட்டத்தின் கீழான குற்றங்கள் தொடர்பான நடவடிக்கைகள் அனைத்தும் காணொளியில் பதிவு செய்யப்பட வேண்டும் என்கிறது. 15ஏ(12) பிரிவு, தன்னார்வ அமைப்புகள், சமூகப் பணியாளர்கள், வழக்குரைஞர்கள் ஆகியோரின் உதவியைப் பெறும் உரிமையைப் பாதிக்கப்பட்டவருக்கு அளிக்கிறது. பயிற்சி பெற்ற எழுத்தாக்கர் ஒருவர் அந்த உதவிக் குழுவில் இருப்பதற்கு எந்தத் தடையும் இல்லை.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105ஆம் பிரிவு, சோதனையையும் கைப்பற்றுதலையும் ஒலி-ஒளிப் பதிவு செய்வதைக் கட்டாயமாக்குகிறது. சாட்சிகளிடம் காவல்துறை பெறும் வாக்குமூலங்களை அவ்வாறே பதிவு செய்ய 180ஆம் பிரிவு இடமளிக்கிறது. இனிவரும் ஆண்டுகளில் ஒவ்வொரு வழக்குக் கட்டிலும் மணிக்கணக்கான பதிவுகள் சேரும். அவற்றை யாரோ ஒருவர் உட்கார்ந்து கேட்டு எழுதியாக வேண்டும்.

பதிவின் வலிமையை அறிய மேற்குத் தமிழ்நாட்டின் ஒரு வழக்கைப் பார்க்கலாம். 2015 ஜூனில் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த தலித் பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ் ஆணவக்கொலை செய்யப்பட்டார். முக்கியச் சாட்சி பிறழ்சாட்சியானார். ஆனால் திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலின் கண்காணிப்புக் கேமராப் பதிவுகள் முக்கியச் சான்றாக நின்றன. 2022 மார்ச் 8 அன்று மதுரைச் சிறப்பு நீதிமன்றம் யுவராஜ் உள்ளிட்டோருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 2023 ஜூன் 2 அன்று சென்னை உயர் நீதிமன்றம் யுவராஜின் தண்டனையை உறுதி செய்தது. சாதி அழுத்தம் ஒரு மனிதரின் நாக்கை மாற்றலாம். முறையாகக் காக்கப்பட்ட பதிவை அவ்வளவு எளிதில் மாற்ற முடியாது.

'முறையாக' என்பதற்குப் பொருள் உண்டு. 1985இல் ராம் சிங் வழக்கில், ஒலிப்பதிவைச் சான்றாக ஏற்பதற்கான நிபந்தனைகளை உச்ச நீதிமன்றம் வகுத்தது. பேசியவரின் குரல் அடையாளம் காணப்பட வேண்டும். பதிவின் துல்லியம் நிறுவப்பட வேண்டும். பதிவு திருத்தப்பட்டிருக்கக் கூடாது. அது வழக்குக்குப் பொருத்தமானதாக இருக்க வேண்டும். முத்திரையிட்டுப் பாதுகாப்பாக வைக்கப்பட்டிருக்க வேண்டும். குரல் தெளிவாகக் கேட்க வேண்டும். இன்றைய பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவோடு சான்றிதழ் ஒன்றைக் கோருகிறது. அதில் கோப்பின் 'ஹேஷ்' மதிப்பையும் குறிக்க வேண்டும். ஒரு கோப்பின் கைரேகை என்று அதைக் கொள்ளலாம். பதிவில் ஒரு நொடியை வெட்டினாலும் அந்த மதிப்பு மாறிவிடும்.

கற்கும் முறை

தட்டச்சு தெரிந்த ஒருவர் சில மாத இடையறாப் பயிற்சியில் இத்திறனில் தேர்ச்சி பெறலாம். விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. ஒரு கணினி, காதை மூடும் ஹெட்ஃபோன், வேகத்தைக் குறைத்து ஒலிக்கச் செய்யும் வி.எல்.சி. அல்லது ஓ-டிரான்ஸ்கிரைப் போன்ற இலவசச் செயலி ஆகியன போதும். தையல் இயந்திரத்தின் மிதியைப் போலக் காலால் நிறுத்தவும் ஓட்டவும் உதவும் மிதிக்கட்டையும் கிடைக்கிறது. கைகள் விசைப்பலகையிலேயே இருக்க அது துணைசெய்யும்.

தமிழ்99 விசைப்பலகையிலோ பழகிய தட்டச்சு விசைப்பலகையிலோ அடிக்கலாம். ஆனால் எழுத்துரு யூனிகோடில் இருக்க வேண்டும். வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்பு, வேறு கணினியில் திறக்கும்போது பொருளற்ற குறிகளாகச் சிதறிவிடக்கூடும்.

எழுத்தாக்கத்தில் மூன்று வகைகள் உண்டு. திக்கல், இழுவை, பாதியில் நின்ற சொல் என எதையும் விடாமல் எழுதுவது முழு எழுத்தாக்கம். வாக்குமூலங்களுக்கும் விசாரணைகளுக்கும் இதுவே உரியது. 'வந்து', 'அதாவது' போன்ற நிரப்புச் சொற்களை மட்டும் நீக்கி எழுதுவது செப்பமான எழுத்தாக்கம். நேர்காணலுக்கும் அலுவலகக் கூட்டத்திற்கும் இது போதும். முடிவுகளை மட்டும் தருவது சுருக்கக் குறிப்பு. எந்த வேலைக்கு எந்த வகை என்பதைத் தொடங்கும் முன்பே கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும்.

வேலையின் வரிசை இது. மூலக் கோப்பைத் தனியே பாதுகாத்து, நகலில் மட்டுமே வேலை செய்ய வேண்டும். முதல்முறை எதையும் அடிக்காமல் முழுவதும் கேட்டு, எத்தனை பேர் பேசுகிறார்கள், எந்த இடத்தில் இரைச்சல் என்று குறித்துக்கொள்ள வேண்டும். பேசுபவர் யாரென்று உறுதியாகத் தெரியாதவரை 'குரல் 1', 'குரல் 2' என்றே எழுத வேண்டும். பேசுபவர் மாறும் இடங்களில் நேரத்தைக் குறிக்க வேண்டும். கேட்காத இடத்தில் ஊகிக்காமல் [தெளிவில்லை 00:12:40] என்று எழுத வேண்டும். அழுகை, நீண்ட மௌனம், கூட்டத்தின் கூச்சல் ஆகியவற்றை அடைமொழி சேர்க்காமல் [அழுகிறார்], [மௌனம், 8 நொடி] என்று குறிக்க வேண்டும்.

முடித்த பின் இன்னொருவர் ஒலியோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டும். இயன்றால் பேசியவருக்கே வாசித்துக் காட்ட வேண்டும். 4(2) பிரிவு காவல் அதிகாரியிடம் எதிர்பார்க்கும் நேர்மையை நாமும் கடைப்பிடிப்பதே முறை. இறுதியில் எழுதியவர், சரிபார்த்தவர், நாள் ஆகிய விவரங்கள் இடம்பெற வேண்டும்.

தெளிவான ஒரு மணி நேரப் பதிவை எழுத்தாக்கப் பழகியவருக்கே ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஆகும். புதியவருக்கு இன்னும் கூடும். கூலி பேசும்போது இந்தக் கணக்கு நினைவில் இருக்க வேண்டும். முதலில் ஆகாசவாணி செய்தியறிக்கையின் ஐந்து நிமிடத்தில் தொடங்கலாம். பிறகு மேடைப்பேச்சு, பின்னர் இருவர் உரையாடல், கடைசியாகப் பலர் ஒரே நேரத்தில் பேசும் கிராம சபை என்று படியேறலாம்.

கிராம சபையைக் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. அங்கே பேசப்பட்டது ஒன்றும் தீர்மானப் பதிவேட்டில் ஏறியது வேறொன்றுமாக இருந்தால், சுடுகாட்டுப் பாதையும் தெருவிளக்கும் கேட்டு எழுந்த குரல் அரசுக் கோப்பில் இல்லாமலே போய்விடும். தலைவர் தலித்தாக இருக்கும் ஊராட்சிகளில் இந்த ஒப்பீடு இன்னும் இன்றியமையாதது.

இரகசியம் காப்பதும் பயிற்சியின் பகுதியே. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவின்படி குற்றம். குழந்தைகள் தொடர்பான வழக்குகளில் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவும் இதைத் தடுக்கிறது. வழக்குக் கோப்பை வாட்ஸ்அப் குழுவில் பகிர்வது, பொதுக் கணினியில் விட்டுச் செல்வது, எங்கே சேமிக்கப்படுகிறது என்று தெரியாத இணையச் சேவையில் ஏற்றுவது ஆகிய மூன்றும் கூடாதவை.

இயந்திரம் வந்த பிறகும்

செயற்கை நுண்ணறிவு இந்த வேலையைப் பறித்துவிடாதா என்ற கேள்வி நியாயமானது. 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அரசியல் சாசன அமர்வின் விசாரணையை இயந்திரத்தின் உதவியுடன் எழுத்தாக்கத் தொடங்கியது. கேரளத்தின் விசாரணை நீதிமன்றங்களில் 2025 நவம்பர் 1 முதல் சாட்சியங்களைப் பதிய இத்தகைய கருவி பயன்பாட்டுக்கு வந்தது. ஒன்றிய அரசின் பாஷினி திட்டமும், சென்னை ஐ.ஐ.டி.யின் ஏஐ4பாரத் குழுவும் தமிழுக்கான பேச்சறி கருவிகளை உருவாக்கி வருகின்றன.

ஆனால் இயந்திரம் தனக்கு ஊட்டப்பட்ட பேச்சையே நன்கு அறியும். செய்தி வாசிப்பின் தமிழுக்குப் பழகிய கருவி, 'நின்னாவ' என்பதை 'நின்னா' என்றும், 'ஏட்டி'யை வேறொரு சொல்லாகவும் எழுதக்கூடும். வசைச்சொல்லைத் தானே மறைத்துவிடும் கருவிகளும் உள்ளன. வழக்குக்குத் தேவையான சொல்லே அதுவாக இருக்கலாம். கேட்காத இடத்தைக் கேட்டதுபோல் நிரப்பிவிடுவது இக்கருவிகளின் அறியப்பட்ட குறை. ஆகவே வேலை மறையவில்லை, அடிப்பதிலிருந்து சரிபார்ப்பதை நோக்கி நகர்கிறது. நெல்லைப் பேச்சும் சட்டமும் தெரிந்த சரிபார்ப்பவருக்கு இனித் தேவை கூடும்.

மாஞ்சோலையின் குரல்கள்

இத்திறனுக்கு நீதிமன்றமும் அலுவலகமும் தவிர மூன்றாவது களமும் உண்டு. அது நம் வரலாறு. 1999 ஜூலை 23 அன்று, கூலி உயர்வும் கைதான தோழர்களின் விடுதலையும் கோரி நெல்லை ஆட்சியர் அலுவலகம் நோக்கிச் சென்ற மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களும் ஆதரவாளர்களும் காவல்துறையால் தாக்கப்பட்டுத் தாமிரபரணிக்குள் விரட்டப்பட்டனர். ஒரு கைக்குழந்தை உட்பட 17 பேர் மாண்டனர். நீதிபதி எஸ். மோகன் ஆணையம் அமைக்கப்பட்டது. அரசின் ஆவணம் ஒரு வகையில் எழுதப்பட்டது. உயிர்தப்பியவர்களின் நினைவு வேறு வகையில் நிற்கிறது. ஆர்.ஆர். சீனிவாசனின் 'நதியின் மரணம்' ஆவணப்படம் அந்நிகழ்வைப் பற்றிய காட்சிகளையும் குரல்களையும் காத்துவைத்தது.

இன்று அவசரம் கூடியிருக்கிறது. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெறப்பட்ட அத்தோட்டத்தில், குத்தகை முடிய நான்காண்டுகள் இருக்கும்போதே, 2024இல் தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு கொடுத்து வேலை நிறுத்தப்பட்டது. தலைமுறைகளாகத் தேயிலை பறித்த குடும்பங்கள் மலையிறங்கிப் பல ஊர்களுக்குச் சிதறுகின்றன. 1999ஐக் கண்ட முதியவர்களின் பேச்சு பதிவு செய்யப்பட்டு, அவர்கள் சொன்ன நடையிலேயே எழுத்தாக வேண்டும். அதைச் செய்ய வெளியூர் ஆய்வாளர்களுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

நாம் கேட்பவை

தாட்கோ வழங்கும் திறன் பயிற்சிகளில் தமிழ் ஒலிப்பதிவு எழுத்தாக்கம் தனிப் பாடமாகச் சேர்க்கப்பட வேண்டும். திருநெல்வேலியில் இயங்கும் வன்கொடுமை வழக்குகளுக்கான சிறப்பு நீதிமன்றத்தில் 15ஏ(10) பிரிவின்படியான காணொளிப் பதிவு முழுமையாக நடைபெற வேண்டும். அப்பதிவுகளை எழுத்தாக்கப் பயிற்சி பெற்ற பணியாளர்கள் நியமிக்கப்பட வேண்டும். தட்டச்சுத் தேர்வுகளை நடத்தும் இயக்ககம், காதால் கேட்டு அடிக்கும் தேர்வொன்றையும் பாடத்திட்டத்தில் கொண்டுவர வேண்டும்.

அரசு செய்யும்வரை நம் அமைப்புகள் சும்மா இருக்க வேண்டியதில்லை. படிப்பகங்களிலும் அம்பேத்கர் மன்றங்களிலும் உள்ள ஒரு கணினியும் தட்டச்சு தெரிந்த இரு இளைஞர்களும் தொடங்குவதற்குப் போதும். ஒருவர் எழுத, மற்றவர் கேட்டுச் சரிபார்க்கட்டும். அடுத்த முறை ஓர் ஊரிலிருந்து புகார் கொடுக்க ஒருவர் கிளம்பும்போது, அவர் சொன்னதைச் சொன்னபடி எழுதிய தாள் அவர் கையில் இருக்கட்டும். காவல் நிலையத்தில் எழுதப்பட்டதை வாசித்துக் காட்டும்போது, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அவர் கையெழுத்திடட்டும்.